கில்ட் உடையும் கடல் கடந்த பயணமும்

உடலை மறைப்பதும் குளிரைத் தடுப்பதும் உடையின் முதற்பயன்கள். அவற்றோடு, ஒரு மக்கட் கூட்டம் தன்னை இன்னாரென்று உலகுக்கு அறிவித்துக்கொள்ளும் அடையாளமாகவும் உடை விளங்குகிறது. ஆதலால்தான் வரலாற்றில் சில அரசுகள் கோட்டைகளை இடித்ததோடு அமையாது, குடிமக்கள் உடுத்தும் துணியின்மீதும் கைவைத்தன. அத்தகைய துணியொன்றின் கதையை மாணவர்களாகிய உங்களுக்கு இன்று கூற விரும்புகிறேன். அதுதான் ஸ்காட்லாந்து ஆடவர் இடுப்பில் அணியும் கில்ட்.

இடுப்பிலிருந்து முழங்கால் வரையில் தொங்கும் கட்டமிட்ட கம்பளி ஆடை அது. பின்புறம் நிறையக் கொசுவங்கள். முன்புறம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் இரண்டு தட்டையான மடிப்புகள். திருமணங்களிலும் விழாக்களிலும் இதனை அணிவோர் பலர். பல மணி நேரம் பறக்கும் ஆகாய விமானத்தில் இதனை அணிந்து பயணம் செய்வோரும் உண்டு. உடன் வருவோர் சிலர் வியக்கிறார்கள். சிலர் புன்னகை செய்கிறார்கள். ஆனால் பிறப்பிலேயே இது வழிநடைக்கென்று அமைந்த உடை என்பதை அறிந்தவர்கள் வியக்கமாட்டார்கள்.

ஸ்காட்லாந்தின் வடக்கும் மேற்கும் மலைநாடு. அங்கே மழையும் பனியும் மிகுதி. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் அம்மலைநாட்டார் உடுத்தியது தைத்த ஆடையன்று. ஏறத்தாழ ஐந்து கெஜ நீளமுள்ள ஒரே கம்பளித் துணி. அகலம் குறைந்த தறிகளில் நெய்த இரண்டு துண்டுகளை நீளவாக்கில் இணைத்து அதனைச் செய்தார்கள். ஒரு பாதியைக் கொசுவி இடுப்பில் தோல்வாரால் கட்டுவார்கள். மறுபாதியைத் தோளின்மேல் போட்டுக்கொள்வார்கள். மழை வந்தால் அது தலையை மூடும். இரவு வந்தால், வாரை அவிழ்த்ததும் அதுவே போர்வையாகும். ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு நெடுந்தொலைவு செல்பவனுக்கு வீடும் படுக்கையும் அந்த ஒரே துணியில் அடங்கியிருந்தன.

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தப் பெருந்துணியின் மேற்பாதி நீங்கிக் கீழ்ப்பாதி மட்டும் தனி உடையாயிற்று. அந்தச் சிறு கில்ட்டே இன்றைய கில்ட்டின் முன்னோடி. தாமஸ் ராலின்சன் என்ற ஆங்கிலேய இரும்பாலை முதலாளி தம் தொழிலாளரின் வசதிக்காக இதனை அமைத்தார் என்று 1785-இல் அச்சான கடிதமொன்று கூறுகிறது. அவருக்கு முன்பே அது வழக்கில் இருந்தது என்று மறுப்போரும் உண்டு. எவ்வாறாயினும், உழைப்பவன் தன் வேலைக்கேற்ப ஆடையைச் சுருக்கிக்கொண்டான் என்பது தெளிவு.

இனி அந்த உடைக்கு நேர்ந்த சோதனையைப் பார்ப்போம். பிரிட்டிஷ் அரியணையை இழந்த ஸ்டூவர்ட் மரபினர்க்கு அதனை மீட்டுத்தரும் நோக்கத்தோடு, இளவரசர் சார்லஸ் எட்வர்ட் 1745-இல் ஸ்காட்லாந்தில் வந்து இறங்கினார். மலைநாட்டுக் குலங்களில் பல அவர் பக்கம் நின்றன. 1746 ஏப்ரல் 16-ஆம் நாள் கல்லோடன் என்னும் வெளியில் அவருடைய படை சிதறடிக்கப்பட்டது. வென்ற அரசு மலைநாட்டாரின் படைக்கலங்களைப் பறித்தது. குலத்தலைவர்களின் பரம்பரை நீதி அதிகாரத்தை நீக்கியது. உடையையும் தடை செய்தது. 1746-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஸ்காட்லாந்தில் ஆடவரோ சிறுவரோ மலைநாட்டு உடையை அணியலாகாது. முதன்முறை மீறினால் ஆறு மாதச் சிறை. மீண்டும் மீறினால் கடலுக்கப்பால் உள்ள குடியேற்ற நாட்டுத் தோட்டங்களுக்கு ஏழாண்டு நாடுகடத்தல்!

நான் வரலாறு கற்பித்த ஆண்டுகளில், இந்தச் சட்டத்தைக் கூறியதும் மாணவர்கள் கேட்கும் முதல் வினா ஒன்றுண்டு: “ஒரு துணிக்கா ஓர் அரசு அஞ்சியது?” அரசு அஞ்சியது துணிக்கன்று, அதனை உடுத்தியவர்கள் தங்களுக்குள் கொண்டிருந்த ஒற்றுமைக்கு. அதனினும் கவனிக்கத்தக்கது அச்சட்டத்தில் இருந்த ஒரு விலக்கு. அரசனுடைய படையில் பணிபுரிவோர் மட்டும் அவ்வுடையை அணியலாம் என்று அது இடங்கொடுத்தது. தனக்காக உடுத்தினால் குற்றம். அரசனுக்காக உடுத்தினால் சீருடை. மலைநாட்டு இளைஞர்களைப் படையில் சேர்ப்பதற்கு இந்த விலக்கும் ஒரு கருவியாயிற்று.

இங்கே நம் நாட்டு வரலாறும் வந்து கலக்கிறது. மக்லியோடு பிரபு என்பவர் தம் இளமையில் தந்தையோடு சேர்ந்து சார்லஸ் எட்வர்டுக்காகப் போரிட்டுச் சிறைப்பட்டவர், 1748-இல் மன்னிக்கப்பட்டவர். அவரே 1777-இல் அரசனுக்காக மலைநாட்டுப் படைப்பிரிவு ஒன்றைத் திரட்டினார். 73-ஆம் படைப்பிரிவு எனப் பெயர் பெற்ற அதன் முதல் அணி, நெடுங்கடல் கடந்து 1780 ஜனவரியில் சென்னைத் துறையை அடைந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில், கர்னல் பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் முறியடித்தார்கள். அப்போரில் 73-ஆம் பிரிவினரும் இருந்தார்கள். அவர்களுள் ஒருவரான காப்டன் டேவிட் பேர்டு சிறைப்பட்டு, 1784 வரையில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அடைபட்டுக் கிடந்தார். அவர்களுடைய படைக்கு உரிய சீருடை மலைநாட்டு உடை. அந்த உடையைத் தன் ஊரில் விரும்பி உடுத்திய உழவனோ அன்றைய சட்டத்தின்முன் குற்றவாளி. புள்ளலூர்ப் போரைப் படிக்கும்போது, தோற்றவர் வரிசையில் நின்ற அந்த இளைஞர்களின் நிலையையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1782-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. முப்பத்தைந்தாண்டுத் தடையில் சாதாரண மக்களிடையே அவ்வுடை பெரிதும் வழக்கொழிந்திருந்தது. பின்னர் 1822 ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ நகருக்கு வந்தார். வரவேற்பை முன்னின்று நடத்தியவர் நாவலாசிரியர் சர் வால்டர் ஸ்காட். அரசனே கில்ட் அணிந்து கொலுவிருந்தான்! கொள்ளுப்பாட்டன் தடுத்த உடையைப் பெருமையாக மதித்து உடுத்தியவன், இரண்டாம் ஜார்ஜின் கொள்ளுப்பேரன். செல்வர்களும் பிரபுக்களும் அரசனைப் பின்பற்றினார்கள். குலத்துக்கொரு கட்டத்துணி என்னும் வழக்கமும் வலுப்பெற்றது.

ஆனால் அதே காலத்தில் மலைநாட்டில் நடந்தது வேறு. சதர்லாந்துப் பகுதியில், செம்மறி ஆடுகள் மேய்ப்பதே இலாபம் என்று கண்ட நிலவுடைமையாளர், தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த உழவர் குடும்பங்களை வெளியேற்றினார்கள். ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் 1814-லும் 1819-லும் வீடுகள் எரிக்கப்பட்டன. கடற்கரைக்குத் துரத்தப்பட்டோர் பலர். கனடா முதலிய நாடுகளுக்குக் கப்பலேறியோர் பலர். தலைநகரில் உடைக்குச் சிறப்பு. அதனை நெய்து உடுத்திய மக்களுக்கோ இருக்க இடமில்லை. ஒரு கூட்டத்தின் கோலத்தைப் போற்றுவது எளிது. அக்கூட்டத்தின் வாழ்வைக் காப்பதே அரிது.

இன்றைய விமானப் பயணத்துக்கு வருவோம். இக்காலக் கில்ட்டுக்கு எட்டுக் கெஜத் துணி வரையில் செல்கிறது. கம்பளியாதலால் விமானத்தின் குளிர்ந்த காற்றுக்கு அது ஏற்றது, முழங்காலை இறுக்காது. அமரும்போது பின்கொசுவங்களைக் கையால் நீவிவிட்டு உட்கார வேண்டும். இல்லையேல் இறங்கும்போது துணி கசங்கியிருக்கும். கில்ட்டுக்குப் பை தைப்பதில்லை. முன்புறம் தொங்கும் தோற்பையே பயணச்சீட்டையும் கடவுச்சீட்டையும் காக்கிறது. அப்பையின் சங்கிலி, வாரின் உலோகப் பூட்டு, மடிப்பில் குத்தும் ஊசி ஆகியவை சோதனையிடத்தில் மணியை ஒலிக்கச் செய்யக்கூடும். முழு உடையில் காலுறைக்குள் செருகும் சிறுகத்தியை, சரக்கறைக்குப் போகும் பெட்டியில் முன்னரே வைத்துவிடுவதே முறை. அன்று படைக்கலத்தையும் உடையையும் ஒருங்கே தடுத்தது அரசு. இன்று கத்தியை மட்டும் ஒதுக்கிவைத்து உடையை மதிப்போடு உள்ளே விடுகிறது. அவ்வளவு வேறுபாட்டைப் பெறுவதற்கு எத்தனை தலைமுறைகள் கடந்தன!

2024-இல் ஜெர்மனியில் நடந்த ஐரோப்பியக் கால்பந்துப் போட்டிக்குப் பல்லாயிரக்கணக்கான ஸ்காட்லாந்து மக்கள் சென்றார்கள். அவர்களுள் மிகப் பலர் கில்ட் அணிந்திருந்தார்கள். எவரும் அவர்களுக்கு ஆணையிடவில்லை. ஒரு காலத்தில் இவ்வுடையை அணிந்தவனுக்குக் கடல் கடப்பது தண்டனை. இன்று அவன் வழிவந்தவன் அதனை அணிந்தே விருப்பத்தோடு கடல் கடக்கிறான், திரும்பியும் வருகிறான். மாணவர்களே, வேற்று நாட்டார் உடையொன்றைக் காணும்போது நகைப்பு எழுமாயின், சற்றே பொறுத்து அதன் வரலாற்றைக் கேளுங்கள். அணிந்தவனின் முன்னோர் அதற்காக எதனை இழந்தார்கள் என்பதை அறிந்தபின், நகைப்பு அடங்கி மரியாதை பிறக்கும்.