சாரணியர் பொம்மை

சாரணியர் பொம்மை என்பது பெண் குழந்தைகளுக்கான சாரண இயக்கத்தின் சீருடை அணிந்த விளையாட்டுப் பொம்மை. இயக்கம் பிறந்தது பிரிட்டனில். பொம்மை பேர் பெற்றது அமெரிக்காவில். சின்ன வயதில் அந்தச் சீருடையைப் போட்டவர்கள் பலர், வளர்ந்த பிறகும் இந்தப் பொம்மையைத் தேடி வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

1909-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணச் சிறுவர்கள் திரண்டபோது, யாரும் அழைக்காமலே சிறுமிகள் சிலரும் வந்து நின்று, தங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். மறு ஆண்டே, சாரண இயக்கத்தை நிறுவிய பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் பொறுப்பில் பெண்களுக்கான அமைப்பு தொடங்கியது. இந்தியாவின் முதல் குழு 1911-இல் ஜபல்பூரில் அமைந்தது. அதில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுமிகளுக்கு மட்டுமே இடம். நம் பிள்ளைகளுக்குக் கதவு திறக்க 1916 வரை ஆயிற்று. அதே ஆண்டு சென்னையில் அன்னி பெசன்ட், தன் சகாவான அருண்டேலோடு சேர்ந்து இந்தியச் சிறுவர்களுக்கென்று தனிச் சாரண சங்கம் கண்டார். சுதந்திரத்துக்குப் பின் 1950 நவம்பர் 7 அன்று உருவான பாரத சாரண சாரணியர் இயக்கத்தில், 1951 ஆகஸ்ட் 15 அன்று பெண்கள் சங்கமும் இணைந்தது.

சின்னஞ்சிறு பிள்ளைகளின் பிரிவுக்குப் பெயர் வந்த கதை சுவையானது. 1914-இல் ரோஜா மொட்டு என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். பிள்ளைகளுக்கு அது பிடிக்கவில்லை. ஜூலியானா யூயிங் எழுதிய கதையிலிருந்து, யார் கண்ணிலும் படாமல் வீட்டு வேலைகளைச் செய்துவைக்கும் குட்டித் தேவதைகளின் பெயரான ‘பிரவுனி’யை எடுத்துக்கொண்டார்கள். இந்தியாவில் அந்தப் பிரிவு நீலப்பறவை ஆயிற்று. பின்னர் புல்புல் என்ற பெயர் வந்தும், தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இன்றும் ‘நீலப்பறவையர்’தான். தேறத் தேறக் கிடைக்கும் சின்னங்களுக்கும் இறகுகளின் பெயர்: மெல்லிறகு, வெள்ளி இறகு, தங்க இறகு, வைர இறகு. ஆறு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பரிசுப் பெயரை யோசிக்க முடியவில்லை.

சீருடை போட்டவர்கள் நினைவில் ஆழமாகத் தங்குவது ஸ்கார்ஃபும் முடிச்சும். முக்கோணத் துணியை அடிப்பக்கத்திலிருந்து விரலகலத்துக்கு மடித்துக்கொண்டே வந்து, நுனி முதுகில் தொங்கும்படி கழுத்தில் போட்டு, இரு முனைகளையும் வாகிள் என்ற வளையத்துக்குள் நுழைத்து மேலே தள்ள வேண்டும். மடிப்பு நெகிழ்ந்தால் மறுபடி முதலிலிருந்து. ரீஃப் முடிச்சுக்கு வலது முனையை இடதின் மேல் போட்டுக் கீழே நுழைத்து, பிறகு இடதை வலதின் மேல் போட்டு நுழைக்க வேண்டும். இரண்டு முறையும் ஒரே பக்கமாகப் போட்டால் முடிச்சு வழுக்கிவிடும். சரியாக விழுந்தால் தட்டையாகப் படியும். காயத்துக்குக் கட்டுப் போட அதனால்தான் இந்த முடிச்சு.

அமெரிக்காவில் 1912-இல் ஜூலியட் கார்டன் லோ தொடங்கிய அமைப்புக்கு ஏராளமான பொம்மைகள் வந்தன. 1950-களில் டெர்ரி லீ பொம்மைக்குச் சாரணியர் உடையும் பிரவுனி உடையும் தனித்தனியே விற்றன. எஃபன்பீ நிறுவனம் ‘ஃப்ளஃபி’ என்ற சின்னப் பொம்மைக்குப் பழுப்பு உடையும் தொப்பியும் மாட்டியது. உடை கழற்றி மாட்டக் கூடியது. பொத்தானையும் தொப்பியையும் தன் கையாலேயே சரிசெய்த பிள்ளை, தான் கற்றதைப் பொம்மைக்குச் சொல்லிக்கொடுத்தாள். 2014-இல் மேட்டல் நிறுவனம் பார்பிக்குச் சாரணியர் உடை அணிவித்து, பார்பி பெயரிலேயே ஒரு சின்னமும் கொண்டுவந்தபோது எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பு நியாயமானது. ஒரு வேலையைக் கற்றுக்கொண்டதற்கு அடையாளமாகக் கிடைக்க வேண்டிய சின்னத்தில் கடைச் சரக்கின் பெயர் ஏறக் கூடாது.

தமிழில் ‘பாவை’ என்றால் பொம்மையும் பெண்ணும். காவல் நிற்கும் பெண்ணுருவைப் பொம்மையாக எண்ணிப் பார்த்த மரபும் நமக்கு உண்டு. அதற்குக் கொல்லிமலைக்குப் போக வேண்டும். காற்று மோதினாலும் மழை விரைந்து பெய்தாலும் இடி விழுந்தாலும் நிலமே அதிர்ந்தாலும் அழகு குலையாத கொல்லிப் பாவையை நற்றிணையில் பரணர் பாடியிருக்கிறார். எட்டுக்கை அம்மனைத்தான் அந்தப் பாவை என்று மலைமக்கள் வணங்குகிறார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, வளப்பூர் நாட்டு அறப்பளீசுவரரைக் கும்பிட வருகிறவர்கள் அம்மனையும் பார்த்துவிட்டே இறங்குவார்கள். கொல்லியிலிருந்து தெற்கே இருக்கும் மணப்பாறையில்தான் 2025-இல் பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் வைர விழா ஜாம்போரி என்ற பெருந்திரளணி நடந்தது.

நம் வீட்டுப் பிள்ளைக்குச் சாரணியர் பொம்மை வேண்டுமென்றால் மரப்பாச்சி போதும். உடையில்லாத மரம் அது. உடுத்திவிடுவது பிள்ளையின் வேலை. கைக்குட்டை அளவு நீலத் துணியில் பாவாடை, அதே துணியின் மூலையில் வெட்டிய முக்கோணம் ஸ்கார்ஃப், வாகிளுக்கு ஒரு பாசிமணி.