கதவுக் குடுமி
கதவுக் குடுமி என்பது கீல் இல்லாமல் கதவைச் சுழலவைக்கும் உருளை முனை. கதவின் ஓரச் சட்டத்தில் மேலும் கீழும் நீண்டிருக்கும் இம்முனைகள், நிலையின் மேல்துளையிலும் தரைக்கல்லின் குழியிலும் பொருந்துகின்றன. கதவின் எடை நிலையில் தொங்காமல் நேரே கல்லில் இறங்குவதால், காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலில் கிருஷ்ணதேவராயர் 1509இல் எழுப்பிய ராஜகோபுரம் போன்ற பெருவாயில்களுக்கு இம்முறை ஏற்றது.

எடை தாங்கும் கீழ்க்குடுமியே முதலில் தேயும். அப்போது கதவு தாழ்ந்து தரையில் உரசும். பழுதுபார்க்கக் கதவை நெம்பி உயர்த்தி, முட்டுக் கொடுத்துக் கழற்றுவர். தேய்ந்த முனையைச் செதுக்கி இரும்புப் பூண் இறுக்கி, குழியில் உலோகக் கிண்ணம் பதிக்கலாம். மேல்துளையும் கீழ்க்குழியும் ஒரே செங்குத்தில் அமைவதைத் தூக்குக்குண்டு காட்டும்.

பழைய கார்களின் கதவுக் கீல்களில் பித்தளை புஷ் மாற்றுவதும் இதே தத்துவம்: தேய்மானத்தை மாற்றத்தக்க சிறு உறுப்பு ஏற்றுக்கொள்ள, கதவும் நிலையும் சேதமின்றி நிலைக்கின்றன.