தோல் நகரங்களும் மாவட்ட நீதிமன்றமும்

புதிய மாவட்ட நீதிமன்றம் ஒன்றை நிறுவ ஆகும் செலவை அரசுக் கோப்புகள் கட்டடம், நீதிபதி குடியிருப்பு, ஊழியர் சம்பளம் என்ற தலைப்புகளில் கணக்கிடுகின்றன. அந்த நீதிமன்றம் எந்த ஊரில் அமைகிறது என்பதைப் பொறுத்து வழக்காடுவோர் தம் கைப்பணத்திலிருந்து செலவிடும் தொகை எந்தத் தலைப்பிலும் இடம்பெறுவதில்லை. மாவட்ட எல்லை ஒன்றுக்கு மேற்பட்ட முறை மாறிய வேலூர் - ஆம்பூர் தோல் பதனிடும் வட்டாரத்தின் வரலாறு இந்தக் குறையைத் தெளிவாகக் காட்டுகிறது.

1911-க்கு முன்பு, பாலாற்றங்கரையில் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த ஆம்பூரும் வாணியம்பாடியும் வெவ்வேறு மாவட்டங்களைச் சேர்ந்திருந்தன. ஆம்பூர் வட ஆர்க்காடு மாவட்டத்தின் வேலூர் தாலுகாவிலும், வாணியம்பாடி சேலம் மாவட்டத்தின் திருப்பத்தூர் தாலுகாவிலும் அடங்கின. வட ஆர்க்காட்டின் தலைமையிடம் அப்போது வேலூர் அன்று, சித்தூர். ஆகவே ஒரே சரக்கை ஒரே சந்தைக்கு அனுப்பிய இரு ஊர் வியாபாரிகளில் ஒருவர் மாவட்டத் தலைமையிடத்தை நாடி வடக்கே சித்தூருக்கும், மற்றவர் தெற்கே சேலத்துக்கும் செல்ல வேண்டியிருந்தது.

தோல் வணிகம் கடனை நம்பி நடந்த தொழில் என்பதால் இந்தத் தூரம் சிறிய செய்தியன்று. பச்சைத் தோலை முன்பணம் கொடுத்து வாங்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதனிட்டு, சென்னைப் பெரியமேட்டு மண்டிகளுக்கு அனுப்பிப் பணம் திரும்பி வரும்வரை, இடைக்காலம் முழுவதையும் தாங்கிநின்றது புரோநோட்டு, அதாவது குறித்த தொகையைத் திருப்பித் தருவதாகக் கையொப்பமிட்ட கடன் சீட்டு. பணம் வராதபோது அச்சீட்டே வழக்காக மாறியது. கேட்கும் தொகைக்கேற்பச் செலுத்தும் நீதிமன்றக் கட்டணம், வக்காலத்து, சம்மனைச் சேர்ப்பிப்பதற்கான கட்டணம், சாட்சிக்குரிய பேட்டா ஆகியவை சட்டம் வகுத்த செலவுகள். இவற்றை வென்றவர் தோற்றவரிடமிருந்து ஓரளவு திரும்பப் பெறலாம். ஆனால், ஒவ்வொரு வாய்தாவுக்கும், அதாவது ஒத்திவைத்த நாளுக்கும், தொழிலை விட்டு வந்துபோகும் செலவு பெரும்பாலும் வழக்காடியவர் தலையிலேயே விழுந்தது. பெரிய தோல் கிடங்கு முதலாளி இதைத் தாங்கினார். சிறு வியாபாரிக்கு வழக்கைக் கைவிடுவதே பல நேரங்களில் இலாபமாயிற்று.

1911 ஏப்ரல் 1-இல் சித்தூர் தனி மாவட்டமாக, வேலூர் வட ஆர்க்காட்டின் தலைமையிடமாயிற்று; திருப்பத்தூர் தாலுகாவும் சேலத்திலிருந்து பிரிந்து வட ஆர்க்காட்டுடன் சேர்ந்தது. தோல் நகரங்கள் ஒரே மாவட்டத்தில் ஒன்றுபட்டது உண்மையான நன்மை. எனினும் இத்தகைய மாற்றங்கள் அனைத்துக்கும் ஒரு விலை உண்டு. நிலுவை வழக்கு வேறு நீதிமன்றத்துக்கு மாறும்போது, பழைய வழக்கறிஞர் அங்கு வர இயலாவிட்டால் புதியவருக்கு மீண்டும் வக்காலத்து எழுதித் தர வேண்டும்; பழைய தீர்ப்பின் நகலுக்குப் பழைய ஊரின் பதிவறையையே தேடிச் செல்ல வேண்டும். இச்செலவைப் புதிய எல்லையை வரைந்தவர்கள் ஏற்பதில்லை, அதற்குள் வாழ்பவர்களே ஏற்கின்றனர்.

2019 நவம்பர் 28-இல் வேலூரிலிருந்து திருப்பத்தூர், இராணிப்பேட்டை மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரைச் சேர்ந்தன. வருவாய் மாவட்டம் அறிவிக்கப்பட்டதாலேயே நீதித்துறை மாவட்டம் தானாகப் பிறந்துவிடுவதில்லை. அதற்கு உயர்நீதிமன்றத்தின் இசைவும், பணியிடங்களுக்கு அரசின் நிதி ஒப்புதலும் வேண்டும். நீதிமன்றக் கட்டடங்களுக்கு 1993-94 முதல் மத்திய அரசின் உதவித் திட்டம் உண்டு; இன்று அது பொதுவாக 60:40 விகிதத்தில் பகிரப்படுகிறது. கட்டடத்துக்கு இப்படிப் பங்காளிகள் கிடைக்கின்றனர், வழக்காடுபவரின் பயணத்துக்கு எவரும் கிடைப்பதில்லை. ஆகவே, இனி எந்த மாவட்டத்தைப் பிரித்தாலும், அங்கே நீதிமன்றம் எந்த நாளில் திறக்கும், அதுவரை நிலுவை வழக்குகள் எங்கே நடக்கும் என்பவற்றைப் பிரிப்புக்கான அரசாணையிலேயே அரசு அறிவிக்க வேண்டும்.