நிரல் எழுதும் திரையில் தமிழ் எழுத்து: ஒரு சிறு வரலாறு



சில மாதங்களுக்கு முன்பு, பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பள்ளியின் கணினிக் கழகத்தில், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குப் பைத்தன் நிரல்மொழி சொல்லிக்கொடுக்கப் போயிருந்தேன். செயலியைத் திறந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. முதல் கேள்வி வந்துவிட்டது: "சார், இதைக் கறுப்பா மாத்துறது எப்படி?"

உங்களுக்கும் இந்த அனுபவம் இருக்கும். "அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம், முதல்ல வேலையைச் செய்" என்றுதான் நாம் சொல்வோம். நானும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் ஒரு பையன் அதற்குள் எப்படியோ கண்டுபிடித்துத் திரையைக் கறுப்பாக்கிவிட்டான். எழுத்தைப் பெரிதாக்கினான். தன் பெயரைத் தமிழில் அச்சிடச் சொல்லி நிரலை ஓட்டினான். பெயர் வந்தது. ஆனால் எழுத்துகள் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டு, புள்ளி ஒரு பக்கம், கொம்பு ஒரு பக்கம் என்று நின்றன. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவன் சொன்னான்: "தமிழ் கம்ப்யூட்டருக்குச் சரியா வராது சார்." பிறகு பெயரை ரூமி எழுத்தில் தட்டிக்கொண்டு மேலே போய்விட்டான்.

அந்த ஒரு வரிதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அவன் சொன்னது தவறு. ஆனால் அது ஏன் தவறு என்று அந்த இடத்தில் என்னால் விளக்க முடியவில்லை. இப்போது விளக்கிப் பார்க்கிறேன்.

கறுப்புத் திரை எங்கிருந்து வந்தது?

மாணவர்கள் விரும்பிக் கேட்கும் அந்தக் கறுப்புப் பின்னணி ஒரு காலத்தில் யாரும் விரும்பித் தேர்ந்தெடுத்தது அல்ல. 1970களில் கணினித் திரை என்பது ஒரு கண்ணாடிக் குழாய். மின்கற்றை பட்ட இடத்தில் மட்டும் பூச்சு ஒளிரும், மற்ற இடமெல்லாம் இருட்டு. பூச்சு பச்சையாக இருந்தால் எழுத்தும் பச்சை. 1978இல் வெளிவந்து பெயர் பெற்ற வி.டி.100 முனையத்தில் ஒரு வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 24 வரி. அந்த 80 எங்கிருந்து வந்தது தெரியுமா? ஐ.பி.எம். நிறுவனம் 1928இல் கொண்டுவந்த துளை அட்டையில் 80 நெடுவரிசைகள் இருந்தன. அட்டை போய்விட்டது, கணக்கு மட்டும் திரைக்கு வந்துவிட்டது.

வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து போன்ற திரையை, 1984இல் வந்த மெக்கின்டாஷ் வீட்டுக்கும் பள்ளிக்கும் பழக்கப்படுத்தியது. நிறம் வேறொரு வழியாக வந்தது. 1985இல் ஐ.பி.எம்.மைச் சேர்ந்த மைக் கௌலிஷா, ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியைக் கணினியில் தொகுப்பதற்காக லெக்ஸ் என்ற தொகுப்பியை எழுதினார். தலைச்சொல், பொருள், மேற்கோள் ஆகியவற்றைத் தட்டும்போதே வெவ்வேறு நிறத்தில் பிரித்துக் காட்டியது அது. கவனியுங்கள், நிரல் திரையில் இன்று நாம் காணும் வண்ணங்களின் தொடக்க கால முயற்சிகளில் ஒன்று ஓர் அகராதிக்காகச் செய்யப்பட்டது. மொழிக்காரர்களின் தேவை அது!

1990களில் கணினி படித்த ஆசிரியர்களுக்கு டர்போ பாஸ்கலின் நீலத் திரையும் மஞ்சள் எழுத்தும் நினைவிருக்கும். 1992இல் வந்த அதன் 7ஆம் பதிப்பு, கட்டளைச் சொற்களுக்குத் தனி நிறம் கொடுத்தது. 2006இல் மோனோகை, 2011இல் சோலரைஸ்டு என்று வண்ணத் தொகுதிகளே தனிப் பெயரோடு உலகம் சுற்ற ஆரம்பித்தன. சோலரைஸ்டை உருவாக்கிய ஈதன் ஸ்கூனோவர் 16 நிறங்களை அளந்து எடுத்து, இருட்டுப் பின்னணி, வெளிச்சப் பின்னணி இரண்டுக்கும் ஒத்துப்போகும்படி அமைத்தார். 2015இல் வந்த விஷுவல் ஸ்டூடியோ கோட் செயலியில், இரண்டு சொடுக்கில் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம்.

இதைப் புரிந்துகொள்ள நமக்கு வேறு உதாரணம் தேவையில்லை. கரும்பலகையில் எழுவாய்க்கு மஞ்சள் சுண்ணாம்பு, பயனிலைக்குச் சிவப்பு, வேற்றுமை உருபுக்குக் கீழே கோடு என்று நாம் போடுகிறோமே, அதே வேலைதான். வாக்கியத்தின் எந்த உறுப்பு எது என்று கண்ணுக்குக் காட்டுவது. அதனால் நிறம் மாற்றக் கேட்கும் மாணவன் விளையாடுகிறான் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். தனக்கு எது படிக்க வசதி என்று அவன் தேடுகிறான்.

சமக் கட்டத்துக்குள் அடங்காத எழுத்து

சரி, நிறம் எந்த மொழிக்கும் பொது. எழுத்து அப்படியல்ல. நிரல் எழுதும் திரை ஒரு கட்டத் தாள் மாதிரி. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அகலமுள்ள ஒரு கட்டம். தட்டச்சுப் பொறியில் ஒவ்வொரு தட்டுக்கும் உருளை ஒரே அளவு நகரும் அல்லவா, அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சி இது. ஆங்கிலத்துக்கு இது ஒருவாறு ஒத்துப்போகும். தமிழில் 'ர' எவ்வளவு அகலம், 'ணௌ' எவ்வளவு அகலம் என்று எழுதிப் பாருங்கள். இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால் ஒன்று தொளதொளவென்று நிற்கும், மற்றது நசுங்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 'வணக்கம்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? நம் மாணவர் ஐந்து என்பார். சரியான விடை. பைத்தனிடம் கேட்டால் ஏழு என்னும். ஏனென்றால் கணினி 'க்' என்பதைக் ககரம் ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டாகச் சேமிக்கிறது. 'ம்' என்பதும் அப்படியே. சேமித்ததைச் சேர்த்து, ஓர் எழுத்தாக வரைந்து காட்டுவது எழுத்துருவின் வேலை. 'கொ' என்றால் ஒற்றைக்கொம்பைக் ககரத்துக்கு முன்னால் கொண்டுவந்து, காலைப் பின்னால் வைக்க வேண்டும். இந்தச் சேர்க்கையைச் செய்யாமல் ஒவ்வொரு துண்டையும் தனித்தனிக் கட்டத்தில் போடும் திரையில்தான் அந்தப் பையனின் பெயர் இடிபட்டது. பிழை தமிழில் இல்லை, கட்டத்தில் இருக்கிறது.

இங்கிருந்தே தொடங்கிய வேலை

இந்தக் கட்டத்தோடு நம்மவர்கள் இன்று நேற்றா மல்லுக்கட்டுகிறார்கள்? யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆர். முத்தையா, கணினிக்கு வெகு காலம் முன்பே தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தார். 247 எழுத்துகளை விரல் எட்டும் அளவுள்ள ஒரு பலகைக்குள் கொண்டுவருவது எப்படி என்பதுதான் அவர் முன்னால் இருந்த கேள்வி.

அடுத்த தலைமுறைக்கு அதே கேள்வி வேறு உருவத்தில் வந்தது. 1981இல் வந்த ஐ.பி.எம். தனிக் கணினியில் எழுத்து வடிவங்கள் ஒரு சில்லில் நிலையாகப் பதிக்கப்பட்டிருந்தன. மொத்தம் 256 வடிவம். அதற்கு மேல் இடம் கிடையாது. தோற்றத்தை மாற்றுவது என்றால் இன்றுபோல் இரண்டு சொடுக்கு அல்ல, கணினியின் உள்ளே கை வைக்கிற வேலை. அந்தக் காலத்தில், 1985இல், சிலாங்கூர் கேரித் தீவில் பிறந்த முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளை உருவாக்கினார். பிற்பாடு அது 'முரசு அஞ்சல்' என வளர்ந்து, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வகுப்பறைகளுக்கு வந்து சேர்ந்தது. நம்மில் பலர் முதல் தமிழ்ச் சொல்லைத் தட்டியது அதில்தான்.

ஆனாலும் ஒரு தொல்லை இருந்தது. ஒவ்வொரு மென்பொருளும் எழுத்துகளைத் தன் விருப்பப்படி எண்ணிட்டது. ஒரு கணினியில் தட்டிய கேள்வித்தாளை, அந்த எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் திறந்தால் ஏதோ ஐரோப்பியக் குறிகளாக வரும். தேர்வுக்கு முதல் நாள் இப்படி மாட்டிக்கொண்ட ஆசிரியர்கள் இதைப் படித்துச் சிரிப்பீர்கள். அன்று சிரிக்கவில்லை!

இதைத் தீர்க்கப் பல நாட்டுத் தமிழர்கள் சேர்ந்து உட்கார்ந்தார்கள். 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய மாநாடு, 1999இல் 'தமிழ் 99' விசைப்பலகையைத் தந்த சென்னை மாநாடு, 2000இல் தோன்றிய உத்தமம் அமைப்பு என்று வரிசையாக நடந்தன. 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூரிலேயே நடந்தது. இடைக்காலத்துக்கு 'திஸ்கி' குறியீடு கைகொடுத்தது. நிலையான தீர்வாக யூனிகோடு நின்றது. 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் இருந்தன. அவற்றைச் சரியாகச் சேர்த்து வரையும் எழுத்துருக்களும் இயங்குதளங்களும் வந்துசேரத்தான் காலம் பிடித்தது.

அந்த எழுத்துருக்களிலும் மலேசியக் கை உண்டு. ஆப்பிள் கணினிகளில் வந்த 'இணைமதி' முத்து நெடுமாறன் வடிவமைத்தது. அவற்றிலுள்ள 'தமிழ் சங்கம் எம்.என்.' எழுத்துருவின் பெயரைப் பார்த்திருப்பீர்கள். அந்த 'எம்.என்.' அவருடைய பெயரின் முதலெழுத்துகள்தான். உலகத்தில் எங்கோ ஒருவர் மேக் கணினியில் தமிழ் படிக்கும்போது, சிலாங்கூரில் பிறந்த ஒருவர் வரைந்த எழுத்தைப் படிக்கிறார். நம் மாணவருக்கு இதைச் சொல்லுங்கள். முகம் மலரும்.

நிரலே தமிழில்

எழுத்து வந்த பிறகு மொழியும் வந்தது. முத்தையா அண்ணாமலை 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கி, 2009இல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அதில் அச்சிடுவதற்குக் கட்டளை 'பதிப்பி'. நிபந்தனை முதலில் வரும், 'ஆனால்' என்ற சொல் அதற்குப் பின்னால் வரும். நாம் பேசுவதும் அப்படித்தானே: "மழை பெய்தால்" என்கிறோம், "ஆல் மழை பெய்" என்று சொல்வதில்லை. 2008இல் வெளியான பைத்தன் 3லும் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைக்கலாம். 'மதிப்பெண் = 80' என்று எழுதினால் கணினி ஏற்றுக்கொள்ளும்.

ஆக, வாசல் திறந்துதான் இருக்கிறது. ஆனால் திரையில் எழுத்து சிதைந்து தெரிந்தால் எந்தப் பிள்ளை உள்ளே வரும்?

வகுப்பில் செய்யக்கூடியவை

பாடம் தொடங்குமுன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். போதும்.

முதலில் எழுத்துரு. செயலியின் அமைப்பில் எழுத்துருப் பெயர் எழுதும் இடத்தில், ஆங்கில எழுத்துருவுக்குப் பின் ஒரு காற்புள்ளி இட்டு, ஒரு தமிழ் எழுத்துருவின் பெயரையும் சேருங்கள். விண்டோஸில் 'நிர்மலா யூஐ' அல்லது 'லதா', மேக்கில் 'தமிழ் சங்கம் எம்.என்.', எதிலும் இலவசமாக நிறுவ 'நோட்டோ சான்ஸ் தமிழ்'. ஆங்கிலம் கட்டத்துக்குள் நிற்கும், தமிழ் தன் இயல்பான அகலத்தில் வரும்.

இரண்டாவது, வரி இடைவெளி. நம் எழுத்தில் விசிறி மேலே ஏறும், சுழி கீழே இறங்கும். எழுத்தளவைப்போல் 1.6 மடங்கு வரி உயரம் வைத்துப் பாருங்கள். கண்ணுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும்.

மூன்றாவது, பின்னணி. வெளிச்சமான வகுப்பறையில் புரொஜெக்டரில் காட்டும்போது கறுப்புப் பின்னணி வெளுத்துப்போய்க் கடைசி வரிசைக்குத் தெரியாது. நீங்கள் காட்டும் திரை வெள்ளையாக இருக்கட்டும். மாணவர் தம் கணினியில் தமக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளட்டும். சிவப்பையும் பச்சையையும் மட்டும் நம்பியிருக்கும் வண்ணத் தொகுதியைத் தவிர்ப்பது நல்லது. இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத பையன் உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம், அது அவனுக்கே தெரியாமலும் இருக்கலாம்.

நான்காவது முக்கியம். இவ்வளவு செய்தும், நிரலை ஓட்டும் பகுதியில் தமிழ் இடிபடலாம். அந்தப் பகுதி இன்னும் பழைய கட்டத் தாளின் பிள்ளைதான். அப்போது மாணவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்: "எழுத்து சரியாத்தான் இருக்கு. இந்தப் பெட்டிதான் இன்னும் கத்துக்கலை."

போன வாரம் அதே கழகத்துக்கு மறுபடியும் போனேன். அந்தப் பையனின் கணினியில் நோட்டோ எழுத்துருவைச் சேர்த்து, வரி உயரத்தைக் கூட்டிக் கொடுத்தேன். அவன் பெயர் தொகுப்பியில் முழுசாக, புள்ளி தலைமேல், கொம்பு இடத்தில் நின்றது. கேரித் தீவுக் கதையையும் சொன்னேன். எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு ஒரு கேள்வி கேட்டான்:

"அந்தப் பெட்டிக்கு யார் சார் கத்துக்கொடுப்பா?"

பதில் சொல்லாமல் அவனையே பார்த்தேன். சிரித்துவிட்டான். பின்னணியை மறுபடியும் கறுப்பாக்கிக்கொண்டு வேலையைத் தொடங்கினான். இந்த முறை நான் தடுக்கவில்லை.