எழுதிக் கொடுத்த பேச்சு

போன மாதம் அக்கா மகள் ஒரு தாளை நீட்டினாள். ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். பேச்சுப்போட்டியின் தலைப்பு மட்டும் அதில் இருந்தது: ‘மாணவர்களுக்குக் கைப்பேசி தேவையா?’

“மாமா, நீங்க எழுதிக் குடுங்க. நான் மனப்பாடம் பண்ணிடுறேன்.”

நானும் அப்படி வளர்ந்தவன்தான். ஆரம்பப்பள்ளியில் ஆசிரியர் எழுதித் தந்த நான்கு பக்கங்களை மூச்சு விடாமல் ஒப்பித்துக் கிண்ணம் வாங்கியிருக்கிறேன். எந்த வரியில் கையை உயர்த்த வேண்டும் என்பதுகூடத் தாளில் பென்சிலால் குறிக்கப்பட்டிருக்கும். பல்கலைக்கழகத்தில் முதல் சொற்போரில்தான் மாட்டினேன். எதிரணி மாணவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “நீங்க சொன்ன காரணத்துக்கும் நீங்க சொல்ற முடிவுக்கும் என்ன சம்பந்தம்?” என்னிடம் அடுக்குமொழி இருந்தது, பதில் இல்லை.

பொறியியல் படித்த நான் மணிமேகலையைத் தேடிப் போனது அந்தத் தோல்விக்குப் பிறகுதான். பட்டிமன்றம் என்று நாம் இன்று சொல்வதன் பழைய வடிவமான பட்டிமண்டபம் அந்தக் காப்பியத்தில் வருகிறது. புகாரின் இந்திர விழாவை அறிவிக்கும் இடத்தில், சமயவாதிகள் முறையறிந்து அதில் ஏறி வாதிட வேண்டும் என்கிறார் சாத்தனார். பகைவரோடுகூடச் சினமும் பூசலும் வேண்டாம் என்ற அறிவிப்பும் கூடவே வருகிறது.

எனக்கு இன்னும் பயன்பட்டது 29ஆம் காதை. அறவண அடிகள் மணிமேகலைக்கு வாதம் கட்டும் முறையைச் சொல்லித் தருகிறார். ஐந்து உறுப்புகள்: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம். மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், அதாவது நாம் நிறுவ விரும்பும் கூற்று. ஏனென்றால் அங்கே புகை தெரிகிறது, இது ஏது. அடுக்களையில் பார்த்திருக்கிறோமே, இது திட்டாந்தம். கடைசி இரண்டும் திட்டாந்தத்துக்குள்ளேயே அடங்கிவிடும் என்றும் சொல்லிவிடுகிறார் அடிகள். ஆக மூன்று போதும். அதன்பின் போலிகளின் பட்டியல் நீள்கிறது. கூற்று எப்படிப் பிழையாகும், காரணம் எப்படிப் பிழையாகும், எடுத்துக்காட்டு எப்படிப் பிழையாகும் என்று வகைவகையாகப் பிரிக்கிறார். வடமொழியில் உள்ள நியாயப்பிரவேசம் என்ற பௌத்தத் தருக்க நூலோடு இந்தப் பகுதி நெருக்கமாக ஒத்துப்போகிறது. அந்த மாணவி என்னிடம் கேட்டது ஏதுவைத்தான். பெயர் தெரியாததால் அன்று எனக்குப் புரியவில்லை.

ஆனால் மணிமேகலையின் வாதம் கற்றோருக்கிடையே நடப்பது. எளிய மக்கள் திரளைப் பார்த்துத் தமிழில் மேடையேறிப் பேசுவது பின்னால் வந்த பழக்கம். 1847 டிசம்பர் 31 அன்று யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தன் முதல் பிரசங்கத்தைச் செய்தார். பிறகு வெள்ளிக்கிழமை தோறும் அது தொடர்ந்தது. பைபிள் தமிழ் மொழிபெயர்ப்பில் பீட்டர் பெர்சிவலோடு வேலை செய்தவர் அவர். பாதிரிமார் பிரசங்கம் செய்யும் முறையை அருகிலிருந்து பார்த்தவர், அதே முறையைச் சைவத்துக்காக எடுத்துக்கொண்டார். நவீனத் தமிழ் மேடைப்பேச்சின் வேர் இந்தப் பிரசங்க முறையில் இருக்கிறது என்பது அமெரிக்க மானிடவியலாளர் பெர்னார்ட் பேட்டின் வாதம். அந்தப் பேச்சு அரசியலாகித் தெருவுக்கு வந்ததைச் சுதேசி இயக்கக் காலத்தில் பார்க்கிறார் அவர்.

1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கியது. வ.உ.சியும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளர்களிடம் பேசினார்கள். கேட்டவை கூலி உயர்வு, வார விடுமுறை, வேலைநேரக் குறைப்பு. மார்ச்சில் நிர்வாகம் இறங்கி வந்தது. அதே மாதம் பேசியவர்கள் கைதானார்கள். பேசிய பேச்சே ராஜத்துரோக வழக்கில் அவர்களுக்கு எதிரான சாட்சியமானது. கோப்பைக்காகப் பேசிப் பழகிய எனக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

இந்த வரலாறு எங்கள் ஊருக்கும் கப்பலேறி வந்தது. 1929 டிசம்பரில் பெரியார் நாகம்மையாரோடு பினாங்கில் வந்து இறங்கினார். ஈப்போவில் தமிழர் மாநாடு, பிறகு மலாயா, சிங்கப்பூர் என்று பயணம் நீண்டது. அவர் வருகையை எதிர்த்தவர்களும் இங்கே இருந்தார்கள். தோட்டத் தொழிலாளர்களும் கடைச் சிப்பந்திகளும் வணிகர்களுமாக இருந்த சமூகம் இது. அந்தப் பயணம் கிளப்பிவிட்ட சீர்திருத்தப் பேச்சு பிறகும் ஓயவில்லை. அந்த இயக்கத்தில் நின்ற கோ.சாரங்கபாணி 1935இல் சிங்கப்பூரில் தமிழ் முரசைத் தொடங்கினார்.

பெரியார் பேச்சில் அடுக்குமொழி குறைவு. வீட்டுத் திண்ணையில் பேசுவதுபோல் பேசுவார், கேள்வி கேட்பார், கதை சொல்வார். நான் சொல்வதற்காக எதையும் நம்பாதீர்கள், உங்கள் அறிவுக்குச் சரி என்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதை மேடைக்கு மேடை சொன்னவர் அவர். அவருடைய கருத்துகள் எல்லாவற்றோடும் நான் ஒத்துப்போவதில்லை. ஆனால் ஒத்துப்போகாமல் இருப்பதற்கான இடத்தை அவரே விட்டு வைத்திருக்கிறார். கேட்பவர் சோதித்துப் பார்க்க இடம் விடுவதுதான் வாதம் என்று எனக்குத் தோன்றுகிறது. கைத்தட்டலுக்கு இடம் விட்டு எழுதிய என் நான்கு பக்கங்களில் அந்த இடம் இருந்ததே இல்லை.

நான் இப்போது மாக் மண்டின் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறேன். ஒரு இயந்திரத்தை நிறுத்த வேண்டும் என்று மேலதிகாரியிடம் சொல்லப் போகும்போது எந்த அலங்காரமும் கை கொடுக்காது. என்ன சொல்கிறேன், எதனால் சொல்கிறேன், இதற்கு முன் எங்கே இப்படி நடந்தது. அறவண அடிகளின் மூன்றும் அங்கே வேண்டும். இல்லையென்றால் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும், யாராவது ஒருவர் விரலை இழக்கும் வரை.

அக்கா மகளுக்கு நான் எழுதித் தரவில்லை. “உனக்குக் கைப்பேசி வேணுமா, வேணாமா?” என்று கேட்டேன்.

“வேணும்.”

“ஏன்?”

“அம்மாவுக்கு ஷிஃப்ட் முடிய லேட் ஆனா கூப்பிட்டுக் கேக்கலாம்.”

“ஸ்கூல் ஆபிஸ்ல போன் இருக்கே?”

கொஞ்ச நேரம் யோசித்தாள். “ஆபிஸைப் பூட்டிட்டுப் போயிருவாங்க மாமா. அன்னைக்கு நானும் இன்னொரு பிள்ளையும் கேட்டுக்கிட்டயே நின்னோம்.”

பக்கம், ஏது, திட்டாந்தம். எதையும் நான் சொல்லித் தரவில்லை. பெயர்களை மட்டும் சொன்னேன். அடுக்களைப் புகையைக் கேட்டுச் சிரித்தாள்.

போட்டியில் அவளுக்குப் பரிசு கிடைக்கவில்லை. ‘மொழிவளம் போதவில்லை’ என்று நடுவர் குறிப்பில் இருந்தது. மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது பின்னால் சத்தமே இல்லை. அழுகிறாளோ என்று பயந்தேன். சிக்னலில் வண்டி நின்றதும் முதுகைத் தட்டினாள்.

“மாமா, அவரு பக்கம் மட்டும்தானே எழுதியிருக்காரு. ஏது எங்க?”