சட்டை விலை 9.15 பவுண்டு: சீனாவின் பிளஸ் டூ மாணவர்கள் இங்கிலீஷை எப்படிக் கேட்டு, படித்துப் பழகுகிறார்கள்?

"ஹவ் மச் இஸ் த ஷர்ட்?" என்று ஒரு கேள்வி. பதிலுக்கு மூன்று விலைகள்: 19.15 பவுண்டு, 9.18 பவுண்டு, 9.15 பவுண்டு. விடை மூன்றாவது, அதாவது சி.

சீனாவில் பள்ளி முடித்த யாரிடமாவது இந்தச் சட்டையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். சிரித்துவிடுவார்கள். காவ்காவ் எனப்படும் கல்லூரி நுழைவுத் தேர்வில், இங்கிலீஷ் தாளின் கேட்டல் பகுதியில் வரும் மாதிரிக் கேள்வி இது. வருஷக்கணக்காக விலை ஏறவே இல்லை என்று சீன இணையத்தில் இதற்கு ஏகப்பட்ட மீம்ஸ் உண்டு. இந்த மாதிரிக் கேள்விக்கு மார்க் கிடையாது. அதற்கு அடுத்து வரும் 20 கேள்விகளுக்குத்தான் மார்க்.

ஷென்சென் சப்ளையரோடு மெயிலில் பேசுகிறவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். மெயில் கச்சிதமாக இருக்கும், கால் என்று வந்தால் எதிர்முனை தயங்கும். அது ஏன் என்பதற்கான பதிலில் பாதி இந்தத் தேர்வுத் தாளிலேயே இருக்கிறது.

தாளில் என்ன இருக்கிறது?

காவ்காவ் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 7 அன்று தொடங்குகிறது. 2024இல் பதிவு செய்தவர்கள் சுமார் 1 கோடியே 34 லட்சம் பேர். பெரும்பாலான மாகாணங்களில் மொத்தம் 750 மார்க். சீன மொழி, கணக்கு, அந்நிய மொழி மூன்றுக்கும் தலா 150. அந்நிய மொழி என்றால் இங்கிலீஷ் மட்டும் என்று இல்லை. ரஷ்யன், ஜப்பானிய மொழி, பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் என்று ஐந்து மாற்றுகள் இருக்கின்றன. ஆனாலும் ஆகப் பெரும்பாலானோர் இங்கிலீஷ்தான்.

புதிய முறைத் தாளில் அந்த 150 இப்படிப் பிரிகிறது: கேட்டல் 30, வாசிப்பு 50, கோடிட்ட இடம் நிரப்பும் இரண்டு பகுதிகள் சேர்த்து 30, எழுத்து 40. பேசுவதற்கு? பல மாகாணங்களில் மொத்த மதிப்பெண்ணில் அதற்கு இடமே இல்லை. பெய்ஜிங்கில் கம்ப்யூட்டர் வழியாகக் கேட்டலும் பேசுதலும் சேர்த்து 50 மார்க்குக்குத் தேர்வு. இரண்டு முறை எழுதலாம், எது அதிகமோ அது கணக்கு. குவாங்டாங்கிலும் கம்ப்யூட்டரில் பேச வேண்டும். இவை விதிவிலக்குகள். மார்க் எங்கே இருக்கிறதோ அங்கேதான் மாணவரின் நேரமும் போகும், இதில் சீனா நமக்கு அந்நியமே இல்லை.

பத்து விநாடிக் கணக்கு

கேட்டல் சுமார் 20 நிமிஷம். முதலில் ஐந்து குட்டி உரையாடல்கள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவைதான் ஒலிக்கும். அது முடிந்ததும் 10 விநாடி தருவார்கள். அதற்குள் பதிலைக் குறித்துவிட்டு அடுத்த கேள்வியையும் படித்துவிட வேண்டும். பிறகு வரும் நீண்ட உரையாடல்களும் ஒருவரே பேசும் பகுதியும் இரண்டு தடவை ஒலிக்கும். அவற்றுக்கு முன்னால் கேள்விகளைப் படிக்க, கேள்விக்கு 5 விநாடி. ஒரு கேள்விக்கு 1.5 மார்க்.

இதனால்தான் அங்கே சொல்லித்தரும் முதல் பாடம் காதைப் பற்றியதாக இல்லாமல் கண்ணைப் பற்றியதாக இருக்கிறது. ஆடியோ வருவதற்கு முன்பே கேள்வியையும் மூன்று பதில்களையும் பார்த்து, வரப்போவது விலையா, நேரமா, இடமா, பேசுகிறவர்களின் உறவா என்று ஊகித்துவிட வேண்டும். அந்தச் சட்டைக் கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆடியோவில் வருவது "நைன் ஃபிஃப்டீன்" மட்டும்தான். பவுண்டு என்ற சொல்லே வராது. விலை வரப்போகிறது என்று தெரிந்த காது அதைப் பிடித்துவிடும், தெரியாத காது மணி ஒன்பதே கால் என்று எடுத்துக்கொள்ளும்.

பயிற்சியில் இரண்டு வகை. ஒன்று 'ஜிங்டிங்', அதாவது நுணுகிக் கேட்பது. ஒரு நிமிஷ ஆடியோவை வாக்கியம் வாக்கியமாக நிறுத்தி, கேட்டதை அப்படியே எழுதி, எழுத்துப் பிரதியோடு ஒப்பிட்டு, எந்தச் சொல் தப்பியது, ஏன் தப்பியது என்று பார்ப்பது. தெரியாத சொல் தப்பினால் அது சொல்வளப் பிரச்சினை. தெரிந்த சொல்லே தப்பினால் அது வேறு. பேச்சில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைக் காது இன்னும் பழகவில்லை என்று அர்த்தம். இன்னொன்று 'ஃபான்டிங்', புரிந்த வரைக்கும் ஓடவிட்டுக் கேட்பது. ஐஇஎல்டிஎஸ் எழுதப்போகிறவர்கள் முதல் வகையைக் கடன் வாங்கலாம். அந்தத் தேர்விலும் ஆடியோ ஒரு தடவைதான். தினமும் இரண்டு மணி நேரம் பாட்காஸ்ட் ஓடவிடுவதைவிட, பதினைந்து நிமிஷம் இப்படி உட்கார்ந்து எழுதுவது மேல் என்பது என் கருத்து.

தேர்வு நாட்களில் மையங்களைச் சுற்றிக் கட்டுமான வேலை நிற்கும், ஹாரன் அடிக்கக் கூடாது. "விமானத்தையே நிறுத்துவார்களாமே?" என்று கேட்டால், அது சீனா இல்லை, தென்கொரியா.

வாசிப்பில் 50 மார்க்

நான்கு பத்திகள், 15 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 2.5. முதல் பத்தி பெரும்பாலும் விளம்பரம், கால அட்டவணை மாதிரி லேசாக இருக்கும். நான்காவதில் அறிவியல் அல்லது சமூக ஆய்வு பற்றிய கட்டுரை வந்து உட்காரும். அதன் பிறகு வருவது 'ஏழில் ஐந்து'. ஒரு கட்டுரையில் ஐந்து வாக்கியங்களை உருவிவிட்டு, கீழே ஏழு வாக்கியங்களைக் கொடுப்பார்கள். இரண்டு போலி. சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தால் மட்டும் போதாது. 'இவை' என்று ஒரு வாக்கியம் தொடங்கினால் அதற்கு முந்தைய வரியில் பன்மையில் ஏதாவது இருக்கிறதா என்று தேட வேண்டும். கட்டுரை எப்படி நகர்கிறது என்று பார்க்கச் சொல்லும் இந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது. நம்முடைய வேலையில் நீண்ட ரிப்போர்ட் படிக்கவும் இதே திறமைதான் வேண்டும்.

இலக்கணப் பகுதியில் உள்ளூர் வாசனை அடிக்கும். 2023இல் ஷாவ்லோங்பாவ் என்ற சூப் கொழுக்கட்டையைப் பற்றி வந்தது.

பாடத்திட்டம் எதிர்பார்ப்பது சுமார் 3,000 சொற்கள். பாடப்புத்தகத்துக்கு வெளியே வாரம் 1,500 சொல் அளவுக்கும், மேல் கட்டத்தில் 2,500 சொல் அளவுக்கும் படிக்கச் சொல்கிறது. நடைமுறையில் அந்த நேரத்தைப் பழைய கேள்வித்தாள்கள் சாப்பிட்டுவிடுகின்றன. 'ஐந்தாண்டு காவ்காவ், மூன்றாண்டு மாதிரித் தேர்வு' என்ற வினாத் தொகுப்பு அங்கே அவ்வளவு பிரபலம். சொல் பட்டியலை அகர வரிசையில் மனப்பாடம் செய்கிறவர்கள் 'அபாண்டன்' என்ற முதல் சொல்லிலேயே கைவிட்டுவிடுவார்கள் என்பது பழைய ஜோக். அந்தச் சொல்லுக்கு அர்த்தமே கைவிடுதல்தான். காலையில் முதல் வேலையாக வகுப்பே சேர்ந்து சத்தமாக வாசிக்கும் 'ஜாவ்து' வழக்கமும் உண்டு. இத்தனை சத்தமாகப் படித்தும் உரையாட வராத நிலைக்கு சீனர்களே வைத்த பெயர் 'ஊமை இங்கிலீஷ்'.

ஒரு மார்க் எவ்வளவு பெரிய விஷயம்?

ஜேஜியாங் மாகாணத்தில் மாணவர்கள் இங்கிலீஷை இரண்டு முறை எழுதி, நல்ல மார்க்கை வைத்துக்கொள்ளலாம். 2018 நவம்பர் தாள் கடினமாகிவிட்டது. இரண்டு தேர்வுகளையும் சமன் செய்வதாகச் சொல்லி, சில கேள்விகளுக்கு மட்டும் அதிகாரிகள் மார்க்கைக் கூட்டிப் போட்டார்கள். எந்தக் கேள்வியில் யார் எவ்வளவு எடுத்திருந்தார்கள் என்பதைப் பொறுத்து ஏற்றம் மாறியது. ஒழுங்காக எழுதியவருக்குக் குறைவாகவும், மற்றவருக்கு அதிகமாகவும் ஏறியதாகப் பெற்றோர்கள் கொதித்தார்கள். விசாரணைக்குப் பிறகு டிசம்பரில் பழைய மார்க்கே திரும்பியது, மாகாணக் கல்வித் துறைத் தலைவர் குவோ ஹுவாவெய் பதவி இழந்தார். புள்ளிவிவரத்தில் 'ஸ்கேலிங்' என்று நாம் சாதாரணமாகச் சொல்வதை முன்கூட்டியே அறிவிக்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இங்கிலீஷின் இடம் குறைகிறதா?

குறைக்க வேண்டும் என்ற குரல் பழையது. 2013இல் பெய்ஜிங் 150ஐ 100 ஆக்கும் வரைவை வெளியிட்டது, அது நடக்கவில்லை. 2021இல் அரசியல் ஆலோசனை மாநாட்டு உறுப்பினர் ஒருவர் முக்கியப் பாடப் பட்டியலிலிருந்தே இங்கிலீஷை எடுக்கச் சொன்னார், அதுவும் நடக்கவில்லை. நடந்தது வேறு. அதே 2021 ஜூலையில், ஒன்பதாம் வகுப்பு வரையிலான பாட டியூஷனில் லாபம் பார்க்க அரசு தடை போட்டது. நியூ ஓரியன்டல் என்ற பெரிய கோச்சிங் நிறுவனம் லைவ்ஸ்ட்ரீமில் அரிசியும் இறைச்சியும் விற்க இறங்கியது. அங்கே இங்கிலீஷ் ஆசிரியராக இருந்த டோங் யூஹுய், பொருளை விற்றுக்கொண்டே வெள்ளைப் பலகையில் இங்கிலீஷ் சொற்களை எழுதிக் காட்டி 2022 ஜூனில் நாடு முழுக்கப் பிரபலமானார்.

நகரத்துப் பிள்ளைக்கு ஆப், நல்ல ஹெட்ஃபோன், வீட்டிலேயே இங்கிலீஷ் தெரிந்த ஆள் எல்லாம் இருக்கலாம். கிராமத்துப் பள்ளியில் ஐம்பது பேருக்கு ஒரே ஸ்பீக்கர் என்றால், நுணுகிக் கேட்கும் பயிற்சியை எங்கே செய்வது? இப்படி இங்கிலீஷில் பின்தங்கிய மாணவர்களில் சிலர் உயர்நிலைப் பள்ளியில் நுழைந்ததும் ஜப்பானிய மொழிக்கு மாறிவிடுகிறார்கள். அதில் பாதி எழுத்துகள் ஏற்கெனவே தெரிந்த சீன எழுத்துகள், அதற்கும் அதே 150 மார்க். ஆனால் சில பல்கலைக்கழகப் படிப்புகள் இங்கிலீஷ் எழுதியவர்களைத்தான் எடுக்கும் என்பதால், எந்தப் படிப்பு வேண்டும் என்று தெரிவதற்கு முன்பே அந்த மாணவர் இந்த முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது.