பக்கம் இருக்கு, விலாசம் இல்லை

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்கள் பலவற்றுக்கு இரண்டு பேர். கம்பனிக் காகிதத்தில் ஸ்கொட்லாந்தையோ இங்கிலாந்தையோ ஞாபகப்படுத்தும் ஒன்று; நம்ம ஆட்களின் வாயில் வேறொன்று. இந்த இரண்டாவது பேர்களைப் பெரியவங்ககிட்ட கேட்டுத் தொகுத்து, தோட்டத்துக்கு ஒரு பக்கமாக இணையத்தில் ஏற்றி வருகிறோம். கணினி படிக்கும் தோழர் ஒருவர் ஜாவாவில், ஸ்பிரிங் பூட் வைத்துத் தளத்தைச் செய்து தந்தார். அவரது மடிக்கணினியில் எல்லாப் பக்கமும் திறந்தது. சேர்வரில் ஏற்றியதும் 404. கோப்பு கண்ணுக்கு முன்னால இருக்கு, ஆனா "கிடைக்கவில்லை" என்கிறது. கலைப்பீடத்து ஆட்களான எங்களுக்கு, பிழையைவிட அதன் பூர்வீகம்தான் சுவாரசியமாகப் பட்டது.

லயத்து வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது லேசு. லயத்துக் காம்பராவுக்குத் தனி விலாசம் கிடையாது. கடிதம் தோட்டத்துப் பேருக்கு வரும், ஆபிசில் இறங்கும், அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு. நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கைக்கு வந்த கதை எத்தனை! ஜாவா தளத்திலும் இதே இரண்டு கட்டம்தான். உலாவி கேட்கும் விலாசம் முதலில் கொன்ட்ரோலரிடம் போகும். அது பக்கத்தைத் தராது, பக்கத்தின் பேரை மட்டும் சொல்லும். அந்தப் பேருக்கு முன்னால் ஒரு கோப்புறையையும் பின்னால் ஒரு விகுதியையும் ஒட்டி, உண்மையான கோப்பைத் தேடுவது இன்னொரு ஆள். கடிதம் எந்தக் கட்டத்தில் தொலைந்தாலும் வாசலில் நிற்பவருக்குத் தெரிவது ஒரு பிழைப் பக்கம் மட்டும்தான்.

ஏன் இப்படிச் சுற்றி வளைத்தார்கள்? சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1997இல் சர்வ்லெட்டையும் 1999இல் ஜேஎஸ்பியையும் கொண்டுவந்தது. அதே 1999இல் வந்த சர்வ்லெட் 2.2தான் தளம் ஒன்றை 'வார்' என்ற ஒரே பொதியாகக் கட்டும் வழக்கத்தைத் தொடக்கியது. அதற்குள் 'வெப்-இன்ஃப்' என்றொரு கோப்புறை. உள்ளே இருப்பதை வெளியாள் நேரடியாகக் கேட்டு வாங்க முடியாது, கொன்ட்ரோலர் வழியாகத்தான் வர வேண்டும். பாதுகாப்புக்கு நல்லதுதான். அப்போது டொம்கெட் போன்ற சேர்வர் வீட்டுக்காரர், நமது தளம் குடியிருக்க வந்தவர். 2004இல் 1.0 ஆக வெளிவந்த ஸ்பிரிங்கும் இந்த ஏற்பாட்டையே நம்பியது.

2014இல் ஸ்பிரிங் பூட் 1.0 அதைத் தலைகீழாக்கியது. டொம்கெட்டே தளத்துக்குள் குடிவந்தது, எல்லாம் ஒரே 'ஜார்' கோப்பு. இந்த எண்ணம் அதற்கு முன்பே கொழும்பில் நடைமுறையில் இருந்தது என்பதை நம்மில் பலர் அறிய மாட்டோம். சஞ்ஜீவ வீரவரண முதலானோர் 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் 'கார்பன்' தளம், டொம்கெட்டை உள்ளேயே வைத்திருந்தது. ஒவ்வொரு கூறும் தனது ஜேஎஸ்பி பக்கங்களைத் தன் ஜாருக்குள்ளேயே சுமந்து வரும்; அவற்றைக் கண்டுபிடித்து விலாசம் கொடுக்க அவர்கள் தனியாக ஒரு பொறிமுறை வைத்திருந்தார்கள்.

ஸ்பிரிங் பூட்டில் அப்படி இல்லை. 'வெப்ஆப்' கோப்புறையில் வைத்த ஜேஎஸ்பி, ஜாராகக் கட்டும்போது சத்தமில்லாமல் விடுபட்டுப்போகும். ஒரு எச்சரிக்கைகூட வராது! மடிக்கணினியில் கோப்புறை அப்படியே திறந்து கிடப்பதால் பக்கம் வேலை செய்யும். எங்கள் 404இன் கதை இதுதான். 'வார்' ஆகக் கட்டினால் ஜேஎஸ்பி பிழைக்கும், ஜாஸ்பர் என்ற சார்பும் கூடவே வேண்டும். நாங்கள் தைம்லீஃபுக்கு மாறினோம். அதன் பக்கங்கள் 'ரிசோர்சஸ்' கோப்புறைக்குள் 'டெம்ப்ளேட்ஸ்' என்பதில் இருப்பதால் ஜாரோடு சேர்ந்தே போகும்.

மாறிய பிறகும் இரண்டு பக்கம் அடம்பிடித்தது. ஒன்றில் பேருக்கு முன்னால் சாய்கோடு. கணினியில் மன்னிக்கப்படும், ஜாருக்குள் மன்னிக்கப்படாது. மற்றதில் கோப்பின் பேர் பெரிய எழுத்தில் தொடங்க, கொன்ட்ரோலர் சின்ன எழுத்தில் சொல்லியது. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும், ஜார் பார்க்காது. இன்னொரு பக்கம் பிழைகூடக் காட்டவில்லை, பக்கத்தின் பேரையே வெறும் எழுத்தாகக் காட்டியது. அது ரெஸ்ட் கொன்ட்ரோலர் என்று குறித்ததன் விளைவு; திரும்பும் சொல்லைப் பேராக எடுக்காமல் பதிலாகவே அனுப்பிவிடும். பிழைப் பதிவை ஒரு தடவை நிதானமாக வாசித்தால் எந்தக் கட்டத்தில் நின்றது என்று தெரியும். அதை வாசிக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை.

இப்போது பக்கங்கள் திறக்குது. அடுத்து வந்த சண்டை, தோட்டத்தின் விலாசத்தில் எந்தப் பேரைப் போடுவது என்பது. கம்பனிப் பேர்தான் தேடினால் கிடைக்கும் என்றார்கள் சிலர். ஸ்பிரிங்கில் ஒரே பக்கத்துக்கு இரண்டு விலாசம் கட்டலாம் என்று தோழர் சொன்னார். இரண்டையும் கட்டியிருக்கிறோம், சனத்தின் பேரை முதலில் எழுதி.